அவுட்பேக் போகும் முன் ஃப்ரிட்ஜில் ஒட்ட வேண்டிய தாள்

சென்னை பாடியில் இருபத்தாறு வருஷமாக கார் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். தம்பி அடிலெய்டில் இருக்கிறான். 2023 ஜூலையில் நாங்கள் இரண்டு பேரும் அடிலெய்டிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை, வழியில் உலுரு என்ற பெரிய பாறையையும் பார்த்துக்கொண்டு, ஒரே வண்டியில் போனோம். திரும்பி வந்ததிலிருந்து, சர்வீஸுக்கு வண்டி விட வருகிறவர்களில் யாராவது ஒருவர், "பையன் மெல்போர்ன்ல இருக்கான், நாங்களும் அந்த அவுட்பேக் பாலைவன ரோட்டுல போகலாம்னு இருக்கோம், என்ன பண்ணணும்?" என்று கேட்கிறார். நின்றபடி சொன்னால் பாதி விட்டுப்போகிறது. அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் தூரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரி என்ற ஒரு பகுதி மட்டுமே நம் தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு. அங்கே மொத்தமே இரண்டரை லட்சம் பேர்தான். 2011 கணக்குப்படி நம் அம்பத்தூரிலேயே அதைவிட அதிகம் பேர் இருந்தார்கள். நாங்கள் போன ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் கிளெண்டாம்போ என்ற இடத்திலிருந்து கூபர் பீடி வரை 254 கிலோமீட்டர். நடுவில் பெட்ரோல் பங்க் கிடையாது, டீக்கடை கிடையாது, வீடு கிடையாது. சென்னையில் கிளம்பி பெரம்பலூரை நெருங்கும் வரை ஒரு கடைகூட இல்லை என்று நினைத்துப் பாருங்கள். ரோடு மட்டும் நன்றாக இருக்கிறது. 1987-லேயே முழுக்கத் தார் போட்டுவிட்டார்கள். ரோடு நன்றாக இருப்பதாலேயே பலர் தயார் செய்யாமல் போய்விடுகிறார்கள். என் பயமே அதுதான்.

எப்போது போவது என்ற கேள்விக்கு ஒரே பதில்தான்: மே முதல் செப்டம்பர் வரை. அது அங்கே குளிர்காலம். பகலில் வெயில் இதமாக இருக்கும். இரவில் பூஜ்யம் டிகிரி வரைக்கும் இறங்கும், அதனால் ஸ்வெட்டர் கட்டாயம். நம் பிள்ளைகளின் லீவுக்கு டிசம்பர், ஜனவரி தோதாக இருக்கிறதே என்று தயவுசெய்து அப்போது திட்டம் போடாதீர்கள். அந்த வட்டாரத்தில் உள்ள ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி வெயில் பதிவானது. சிம்ப்சன் பாலைவனப் பூங்காவை டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடியே வைக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் மட்டுமல்ல, மழையும் அப்போதுதான். 2022 ஜனவரி கடைசியில் வெள்ளம் வந்து கிளெண்டாம்போவுக்கும் கூபர் பீடிக்கும் நடுவில் இதே தார் ரோடு துண்டாகிப்போனது.

சென்னையில் முடிக்க வேண்டியவை

விசிட்டர் விசா 600 ஆன்லைனில் எடுக்கலாம். நம் ஸ்மார்ட் கார்டு லைசென்ஸ் இங்கிலீஷில் இருப்பதால் சுற்றுலா போகிறவர் அதை வைத்து அங்கே ஓட்டலாம். இருந்தாலும் ஆர்டிஓ ஆபீஸில் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கிவிடுங்கள். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். வண்டி வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் அதைக் கேட்டால் நீட்டிவிடலாம்.

டிராவல் இன்ஷூரன்ஸை ஒப்புக்கு எடுக்காதீர்கள். இந்தியர்களுக்கு அங்கே அரசு மருத்துவத் திட்டம் பொருந்தாது. பாலைவனத்தில் அடிபட்டால் ஆம்புலன்ஸ் என்பது பெரும்பாலும் விமானம்தான். ராயல் ஃபிளையிங் டாக்டர் சர்வீஸ் என்று 1928 முதல் நடக்கிற சேவை. அவர்களுடைய விமானம் இறங்குவதற்காக நெடுஞ்சாலையிலேயே சில இடங்களை அகலமாக்கி வெள்ளைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடுகள் மேல் வண்டி ஏறும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாலிசியில் அவசரகால இடமாற்றச் செலவு எவ்வளவு வரை உண்டு என்று படித்துப் பார்த்து எடுங்கள். சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சீட்டோடு, தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து எடுத்துப்போங்கள்.

சாப்பாட்டுச் சாமான் விஷயத்தில் அங்கே விமான நிலையத்தில் ரொம்பக் கண்டிப்பு. கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் கொண்டு போகக்கூடாது. இட்லிப் பொடிப் பாக்கெட்டாக இருந்தாலும் விமானத்தில் கொடுக்கிற அட்டையில் "உணவுப் பொருள் உண்டு" என்று எழுதிக் காட்டிவிடுங்கள். காட்டினால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். நான் எதுவுமே கொண்டு போகவில்லை. தம்பி மனைவி அங்கேயே ஒரு பெரிய பாட்டில் புளிக்காய்ச்சல் செய்து கொடுத்தாள். அடிலெய்டில் நம் ஊர்ச் சாமான் விற்கிற கடைகள் இருக்கின்றன. அரிசி, பருப்புப் பொடி, அப்பளம் எல்லாம் கிடைத்தது.

இறங்கிய அன்றே ஸ்டியரிங் பிடிக்காதீர்கள். சிங்கப்பூரில் மாறி அடிலெய்டு போய்ச் சேரும்போது ஒரு இரவுத் தூக்கம் போயிருக்கும். நான் இரண்டு இரவு தம்பி வீட்டில் தூங்கி எழுந்த பிறகுதான் வண்டி எடுக்கப் போனேன்.

வண்டி எடுக்கும்போது

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தார் ரோட்டோடு மட்டும் போவதென்றால் சாதாரண கார் போதும். நாங்கள் பெரிய ஃபோர் வீல் டிரைவ் டீசல் வண்டி எடுத்தோம். உயரமும் டேங்க் அளவும்தான் காரணம். ஒப்பந்தத்தில் நான்கு விஷயத்தை விரல் வைத்துப் படியுங்கள். மண் ரோட்டில் ஓட்ட அனுமதி உண்டா? ஊருக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டலாமா? பல கம்பெனிகள் கூடாது என்கின்றன. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? டயருக்கும் முன் கண்ணாடிக்கும் இன்ஷூரன்ஸ் உண்டா? நாங்கள் ஒரே ஒரு இடத்தில் மண் ரோட்டில் இறங்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, அதை எழுத்தில் வாங்கிக்கொண்டோம். வாயால் "பரவாயில்லை, போங்கள்" என்று சொல்வது கணக்கில் வராது. அடிலெய்டில் எடுத்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் விட்டால் தனியாக ஒரு வழிக் கட்டணம் கேட்பார்கள், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அப்புறம் ஸ்டெப்னி. வண்டியைக் கொடுத்த பையன் சாவியை நீட்டினான். நான் ஸ்டெப்னியைக் கீழே இறக்கிக் காட்டச் சொன்னேன். அந்த மாடலில் அது பின்பக்கம் அடியில், சங்கிலியில் தொங்கும். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. சுற்றுகிற கம்பியைத் தேடினான், வண்டியில் இல்லை. இன்னொரு வண்டியிலிருந்து எடுத்து வந்து சுற்றினான். சங்கிலி இரண்டு அங்குலம் இறங்கி நின்றுவிட்டது. சிவப்பு மண் பசை மாதிரி அப்பிப் பிடித்திருந்தது. நானே கீழே படுத்து, தட்டித் தட்டி இறக்கினேன். கேஜ் வைத்தால் காற்று 16 பிஎஸ்ஐதான். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, மண் ரோட்டில் டயர் கிழிந்து நிற்கும்போது அந்தச் சங்கிலி இறங்காமல், இறங்கினாலும் காற்று இல்லாமல், இறுக்கக் கம்பியும் இல்லாமல் இருந்திருந்தால்? அந்த இடத்தில் நாற்பது நிமிஷம் போனது. காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, கம்பியை எங்கள் வண்டியில் வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். கடைசி வரைக்கும் அந்த ஸ்டெப்னி எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஆனாலும் அந்த நாற்பது நிமிஷம்தான் பயணம் முழுக்க என்னை நிம்மதியாகத் தூங்க வைத்தது.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 3819 என்றிருந்தால் 2019-ஆம் வருஷத்தின் 38-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆறு வருஷத்துக்கு மேல் வயதான டயரை மாற்றித் தரச் சொல்லுங்கள். ரப்பர் உள்ளே காய்ந்திருக்கும். ஐந்து டயரையும் பாருங்கள், நான்கை அல்ல. பிறகு பானெட்டைத் திறந்து கூலண்ட், ஃபேன் பெல்ட், பேட்டரி டெர்மினல். வைப்பர் தண்ணீர் நிறைத்துக்கொள்ளுங்கள், பூச்சி அடித்து அடித்துக் கண்ணாடி மறைந்துவிடும்.

தனியாக வாங்கி வைத்தவை: டியூப்லெஸ் பஞ்சர் கிட், சிகரெட் லைட்டர் பாயின்டில் ஓடுகிற சின்னக் காற்று பம்ப், கேஜ், ஒரு அடிக்கு ஒரு அடி கெட்டியான பலகை. பலகை எதற்கு என்றால், மணலில் ஜாக்கி போட்டால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். பஞ்சர் கிட்டை இங்கிருந்து கொண்டு போக நினைக்காதீர்கள். பசை டியூபை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

டீசல், தண்ணீர்

அங்கே ரோட்ஹவுஸ் என்பார்கள். பங்க், சாப்பாட்டுக் கடை, தங்கும் அறை எல்லாம் சேர்ந்த ஒரே இடம். அதுதான் அந்த வட்டாரத்துக்கே ஊர். நாங்கள் வைத்துக்கொண்ட ஒரே விதி, எந்த ரோட்ஹவுஸையும் நிரப்பாமல் தாண்டக்கூடாது. டேங்க் முக்கால் இருந்தாலும் நிரப்பினோம். அடுத்த இடத்தில் மின்சாரம் போயிருக்கலாம், கடையே மூடியிருக்கலாம். இரவில் பல இடங்களில் பம்பைப் பூட்டிவிடுவார்கள். அதனால் முந்தின நாளே போன் போட்டு, திறந்திருக்குமா, எத்தனை மணி வரை என்று கேட்டுவிடுங்கள். எதிர்க்காற்று அடித்தால் மைலேஜ் சட்டென்று இறங்கும். ஊருக்குள் கிடைத்த மைலேஜை வைத்து அங்கே கணக்குப் போடாதீர்கள்.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. உள்நாட்டில் பல பங்க்குகளில் சாதாரண பெட்ரோலுக்குப் பதில் லோ அரோமேடிக் என்ற பெட்ரோல் இருக்கும். பெட்ரோலை முகர்ந்து போதையாகும் பழக்கத்தைத் தடுக்கக் கொண்டு வந்தது. சாதாரண 91 பெட்ரோல் போடுகிற வண்டிக்கு அதைத் தாராளமாகப் போடலாம். எல்லா இடத்திலும் நீங்களே இறங்கித்தான் நிரப்ப வேண்டும். நாசிலில் எழுதியிருப்பதை ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள். டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு என் ஒர்க்ஷாப்புக்கு டோ செய்து வருகிறவர்களை வருஷத்துக்கு நான்கு பேராவது பார்க்கிறேன். இங்கே டோ வண்டி ஒரு மணி நேரத்தில் வரும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று வைத்து, மூன்று நாளைக்கு 60 லிட்டர் ஏற்றினோம். ஒரே பெரிய கேனாக வைக்காமல் 10 லிட்டர் கேன்களாகப் பிரித்து வையுங்கள். ஒன்று ஓட்டையானாலும் மற்றவை இருக்கும். அதைத் தொடாமல் வைத்துக்கொண்டு, வழியில் குடிப்பதற்குத் தனி பாட்டில். சாப்பாடு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரோட்ஹவுஸில் பர்கர், சிப்ஸ், இறைச்சி வைத்த பை என்கிற பலகாரம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கேன் அடுப்பும் ஒரு சின்ன குக்கரும் இருந்தால் போதும்.

ஓட்டும்போது

இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், நம் ஊர் மாதிரியே. அது ஒரு வசதி. மாற்றிக்கொள்ள வேண்டியது இருட்டு விஷயத்தில். நாம் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு இரவு பத்து மணிக்குக் கிளம்பி விடிய விடிய ஓட்டிப் பழகியவர்கள். அங்கே சூரியன் விழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வண்டி நின்றிருக்க வேண்டும். காலையிலும் நன்றாக விடிந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். கங்காரு அந்த நேரங்களில்தான் ரோட்டுக்கு வரும். வேலி இல்லாத மாட்டுப் பண்ணைகள் என்பதால் மாடும் வரும், ஈமுவும் ஒட்டகமும் வரும். ஏதாவது குறுக்கே பாய்ந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள். நேராகப் பிடித்து பிரேக் அடியுங்கள். மிருகத்தைத் தப்பிக்கவிட்டு வண்டியை உருட்டினவர்கள்தான் அதிகம் சாகிறார்கள். பகலில் செத்த கங்காருவின் மேல் பெரிய கழுகு உட்கார்ந்திருக்கும். வயிறு நிறைந்த கழுகு சட்டென்று எழும்பாது, தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் வேகம் 110 வரை, டெரிட்டரிக்குள் சில இடங்களில் 130 வரை அனுமதி. நாங்கள் 100-ஐத் தாண்டவில்லை.

ரோட் ட்ரெயின் என்ற லாரி 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். நான்கு எம்டிசி பஸ்ஸை வரிசையாக நிறுத்தினாலும் அந்த நீளம் வராது. அதை ஓவர்டேக் செய்ய முன்னால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் காலியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பின்னாலேயே போங்கள், அவசரம் ஒன்றும் இல்லை. எதிரே வந்தால் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள். காற்று வண்டியைத் தள்ளும். நாங்கள் ஒரு யுஹெச்எஃப் ரேடியோ வாடகைக்கு எடுத்திருந்தோம். லாரிக்காரர்கள் 40-ஆம் சேனலில் பேசுவார்கள். ஒரு முறை தம்பி, "பின்னால் வருகிறோம், தாண்டலாமா?" என்று கேட்க, முன்னால் ரோடு தெரிகிறவர் "இப்போது வேண்டாம்... இப்போது வாங்க" என்று வழிநடத்தித் தாண்ட வைத்தார். எதிரே வருகிற ஒவ்வொரு டிரைவரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வார். நீங்களும் தூக்குங்கள். மறுபடி ஒரு வண்டியைப் பார்க்க அரை மணி நேரம் ஆகலாம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நின்று ஆள் மாற்றினோம். ஆனால் ரோட்டை விட்டு உள்ளே இறங்காதீர்கள். பிம்பாவைத் தாண்டி நெடுஞ்சாலை வூமெரா ராணுவச் சோதனைப் பகுதிக்குள் போகிறது. 1947-இல் ராக்கெட் சோதனைக்காக உண்டாக்கிய இடம். அனுமதி இல்லாமல் ரோட்டை விட்டு விலகக்கூடாது. இன்னும் பல இடங்கள் அங்கேயே ஆயிரக்கணக்கான வருஷமாக வாழ்கிற பழங்குடி மக்களின் நிலம், அதற்குத் தனி அனுமதி வேண்டும். நம் வீட்டுக்குள் யாராவது கேட்காமல் வந்தால் எப்படி இருக்கும், அப்படித்தான்.

அந்தத் தாள்

போன் பற்றிச் சொல்ல வேண்டியது இதோடு சேர்ந்தது. அங்கே அதிக இடங்களில் கிடைப்பது டெல்ஸ்ட்ரா சிம். அதுவும் ஊர்களுக்கு அருகில் மட்டும்தான், நடுவில் மணிக்கணக்கில் ஒன்றும் இருக்காது. கூகுள் மேப்பை டவுன்லோட் செய்துகொள்ளுங்கள், கூடவே காகித மேப்பும் வாங்குங்கள். நாங்கள் வைத்திருந்தது ஹேமா மேப். அவசர எண் 000. பிஎல்பி என்ற கையடக்கக் கருவியை வாடகைக்கு எடுங்கள். அதன் பட்டனை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள் வழியாகக் கான்பெராவில் உள்ள மீட்பு மையத்துக்குச் செய்தி போகும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அழுத்த வேண்டும். சேட்டிலைட் போனும் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் ஒன்று: விலை மலிவாக இருக்கிறதே என்று அங்கே சேட்டிலைட் போனோ, செயற்கைக்கோள் வழியாக மெசேஜ் அனுப்புகிற கருவியோ வாங்கி சென்னைக்குக் கொண்டுவராதீர்கள். நம் நாட்டில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம்.

வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நடக்கவே நடக்காதீர்கள். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். மேலிருந்து பார்க்கிற விமானத்துக்கு வண்டி தெரியும், ஆள் தெரியமாட்டார். நிழலும் தண்ணீரும் வண்டியில்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் வண்டியோடு உட்கார்ந்திருந்தால் மட்டும் போதாது, உங்களைத் தேட வேண்டும் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே. அதற்குத்தான் அந்தத் தாள்.

கிளம்பும் முன் ஒரு முழு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு எழுதி வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். முதல் கட்டத்தில் தேதி. அடுத்து எங்கிருந்து எங்கே, எந்த ரோடு வழியாக. அடுத்து அங்கே எத்தனை மணிக்குச் சேர்ந்து போன் செய்வோம் என்று, அந்த ஊர் நேரத்தையும் சென்னை நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில். ஜூலையில் அவர்கள் நமக்கு நான்கு மணி நேரம் முன்னால். அடுத்து தங்குமிடத்தின் போன் நம்பர். கடைசிக் கட்டம்தான் முக்கியம்: எத்தனை மணி வரை போன் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும், யாரை முதலில் கூப்பிட வேண்டும். தாளின் கீழே வண்டி நம்பர், நிறம், பிஎல்பி நம்பர், தம்பி மனைவியின் நம்பர். அதன் நகல் அவளிடமும் ஒன்று. என்னவாக இருந்தாலும் அந்தக் கடைசி நேரம் தாண்டினால் தயங்காமல் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்று என் மனைவி, தம்பி மனைவி இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தேன்.

நான்காம் நாள் கூபர் பீடியில் இருந்தோம். 1915-இல் ஒரு பதினான்கு வயதுப் பையன் ஓபல் கல்லைக் கண்டெடுத்ததில் உண்டான ஊர். வெயிலுக்குப் பயந்து பாதிப் பேர் பூமிக்குள் வீடு குடைந்து வாழ்கிறார்கள். எங்கள் அறையும் பூமிக்குள்தான். (ஊரைச் சுற்றி மூடாத சுரங்கக் குழிகள் நிறைய. போட்டோ எடுக்கப் பின்னால் நகராதீர்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள்.) மதியம் அறையைக் காலி செய்துவிட்டு, பிரேக்அவேஸ் குன்றுகளைப் பார்த்துவிட்டு, 235 கிலோமீட்டர் தள்ளியுள்ள மார்லாவுக்கு மாலை 5 மணிக்குள் போய் போன் செய்வது என்று தாளில் இருந்தது. சென்னையில் மதியம் 1 மணி. சென்னை நேரம் மாலை 5 மணி வரை போன் வராவிட்டால் தம்பி மனைவியைக் கூப்பிட வேண்டும்.

அந்தக் குன்றுகள் வெள்ளையும் மஞ்சளும் காவியுமாக, அடுக்கடுக்காக, யாரோ சுண்ணாம்பும் மஞ்சளும் பூசி வைத்த மாதிரி நின்றன. நேரம் போனதே தெரியவில்லை. மணி மூன்றரை. இனி மார்லா போனால் கடைசி ஒரு மணி நேரம் சூரியன் விழுகிற நேரத்தில் ஓட்ட வேண்டியிருக்கும். "வேண்டாண்ணா, திரும்பிடலாம்" என்றான் தம்பி. சரியான முடிவு. கூபர் பீடிக்கே திரும்பி, அதே இடத்தில் அறை எடுத்து, கட்டிலில் உட்கார்ந்து, "மார்லா போகவில்லை, இங்கேயே தங்குகிறோம்" என்று மனைவிக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட்டுப் படுத்தேன். களைப்பில் தூங்கிவிட்டேன்.

பூமிக்குள் சிக்னல் எப்படி வரும்? செய்தி போகவே இல்லை.

இரவு 8.20-க்கு நட்சத்திரம் பார்க்கலாம் என்று மேலே ஏறி வந்தேன். வாசலில் கால் வைத்ததும் போன் அதிர ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. சென்னையில் மணி 4.20. அவள் ஒன்றே காலிலிருந்து முயற்சி செய்திருக்கிறாள். தாளில் இருந்த மார்லா நம்பருக்கும் பேசியிருக்கிறாள், அப்படி யாரும் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். நான் கூப்பிட்டபோது தாளை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் நாற்பது நிமிஷத்தில் பக்கத்து மாநிலம் வரைக்கும் எங்களைத் தேட ஆரம்பித்திருப்பார்கள். அவள் திட்டவில்லை. "இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

தம்பி மறுநாள் வண்டியில் ஒரு கதை சொன்னான். அந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைகள்கூடப் படிக்கிற வரலாறு. 1860-இல் பர்க், வில்ஸ் என்ற இருவர் தலைமையில் கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடக்க ஒரு கூட்டம் கிளம்பியது. அதற்கான ஒட்டகங்கள் கராச்சியிலிருந்து கப்பலில் போனவை, ஓட்டினவர்களில் பலர் நம் துணைக்கண்டத்து ஆட்கள். கூப்பர் ஓடைக்கரையில் ஒரு பகுதியினரை உணவோடு காத்திருக்க வைத்துவிட்டு பர்க்கும் மூன்று பேரும் வடக்கே போனார்கள். காத்திருந்தவர்கள் நான்கு மாதம் பார்த்துவிட்டு, 1861 ஏப்ரல் 21 காலையில் கிளம்பிவிட்டார்கள். அன்று மாலையே, வழியில் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு, மிச்சம் மூன்று பேரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஒரு மரத்தில் "தோண்டு" என்று செதுக்கியிருந்தது. தோண்டி உணவை எடுத்தார்கள். தாங்கள் எந்தப் பக்கம் போகிறோம் என்று கடிதம் எழுதி அதே குழியில் புதைத்து, பழையபடியே மூடினார்கள். மரத்தில் மட்டும் புதிதாக ஒரு அடையாளமும் செதுக்கவில்லை. சில நாள் கழித்து, மே 8 அன்று, காத்திருந்தவர்களின் தலைவர் மனசு கேட்காமல் திரும்பி வந்து பார்த்தார். குழி மூடியபடியே இருந்தது, யாரும் வரவில்லை என்று நினைத்துத் தோண்டாமலே போய்விட்டார். பர்க்கும் வில்ஸும் செத்துப்போனார்கள். மூன்றாமவர் கிங் மட்டும் அந்த மண்ணின் யாண்ட்ருவாந்தா மக்கள் சோறு போட்டதால் பிழைத்தார்.

கேட்டுவிட்டு வெகுநேரம் நான் பேசவில்லை. அவர்கள் கடிதம் எழுதத்தான் செய்தார்கள். நானும் செய்தி எழுதத்தான் செய்தேன்.

அதனால் தாளில் இரண்டு வரி சேர்த்தோம். திட்டம் மாறினால், மாறுகிற இடத்திலிருந்தே சொல்ல வேண்டும். அங்கே சிக்னல் இல்லையென்றால், மாற்றுவதற்கு முன் சிக்னல் உள்ள இடத்துக்கு வர வேண்டும். செய்தி அனுப்புவது போதாது, மறுமுனையிலிருந்து பதில் வர வேண்டும். வராதவரை அனுப்பவில்லை என்றே கணக்கு. இந்த இரண்டையும் உங்கள் தாளில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

மார்லாவுக்கு மேலே வழி சுலபம். எர்ல்டுண்டாவில் இடது பக்கம் திரும்பினால் யுலாரா, உலுருவுக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர். 2019 அக்டோபர் 26 முதல் அந்தப் பாறை மேல் ஏறத் தடை. அனங்கு மக்களுக்கு அது கோயில் மாதிரி. சுற்றி வருகிற பாதை 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். திருவண்ணாமலை கிரிவலம் போனவர்களுக்கு அந்த நடை நடக்கும்போது வேறு ஏதோ ஒன்று மனசில் ஓடும், எனக்கு ஓடியது. சில இடங்களில் போட்டோ எடுக்க வேண்டாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள், எடுக்காதீர்கள். காலையில் ஏழரைக்கே தொடங்கி, தண்ணீரோடு போங்கள். ஈ முகத்தை மொய்க்கும், தலையோடு மூடுகிற வலை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நாளும் காலையில் அந்தந்த மாநிலத்தின் ரோடு நிலவரத்தை அரசு இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். மூடிய ரோடு என்று போட்டிருந்தால் அது மூடியதுதான், தண்ணீர் வற்றின மாதிரி தெரிந்தாலும் இறங்கக்கூடாது. வண்டியை ஒப்படைத்ததும், பிஎல்பியைத் திருப்பிக் கொடுத்ததும், ஊரில் இருக்கிறவர்களுக்குப் பயணம் முடிந்தது என்று சொல்ல மறக்காதீர்கள். முடிந்ததைச் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு தேடலைக் கிளப்பிவிடும்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ரோட்டோரம் நின்று, திறந்த வானத்துக்குக் கீழே, கடைசிப் போனைச் செய்தேன். அவள் கடைசிக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, சென்னைக்கு எத்தனை மணி ஃபிளைட் என்று கேட்டு, அதையும் அதே தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.